விளக்குப் போடும்வரை கை தட்டாதீர்கள்

போன சனிக்கிழமை மாலை, மலாக்கா நகரத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்கிறீர்களா? கை தட்டிவிடக் கூடாது என்பதற்காக.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோளாறு தெரியும். உட்கார்ந்த இடத்தில் என்னால் உட்கார முடியாது. கிளினிக்கில் நம்பர் வாங்கிவிட்டு வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதற்குள் மூன்று நாற்காலி மாறியிருப்பேன். "உனக்கு சீட் பெல்ட் போட்டுத்தான் சோறு போடணும்" என்பார் வீட்டுக்காரர். அப்படிப்பட்டவளை, கதையும் இல்லாத, பேச்சும் இல்லாத குறும்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற ஒரு விழாவுக்கு அழைத்தால் என்ன ஆகும்?

அழைத்தவள் நிலா. பாயா ரும்புட்டில் இருக்கும் என் தங்கை வசந்தியின் ஒரே மகள். நான் இருப்பது புக்கிட் காத்திலில். காரில் கொஞ்ச தூரம்தான் என்பதால் அந்த வீட்டுச் சண்டை எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

நிலாவுக்கு ஆயர் குரோவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் நல்ல வேலை. போன வருடம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், "வேலைய விட்டுட்டேன்" என்றாள்.

"என்ன செய்யப் போறே?" இது அவளுடைய அப்பா குணா.

"படம் எடுக்கப் போறேன்பா."

"கதை என்ன?"

"கதை கிடையாதுப்பா. எக்ஸ்பெரிமெண்டல். எலெக்ட்ரானிக் மியூசிக்தான் முக்கியம்."

குணா மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்கேன். அதுலேர்ந்து ஒரு மியூசிக் வந்து நான் கேட்டதில்ல."

அன்றைக்கு வீடு இரண்டுபட்டது. வசந்தி அழுதாள். நான் சமாதானம் பேசப் போய், இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் குணா ஒரு தீர்ப்புச் சொன்னார். "ஒரு வருஷம் டைம். அதுக்கு மேல ஒரு நாள் இல்ல. அப்புறம் நான் சொல்ற வேலைக்குப் போகணும்."

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் மகளிடம் எல்லாவற்றையும் கேட்டார் — பசியாறிட்டியா, கார்ல பெட்ரோல் இருக்கா, மழ வருது துணிய எடுத்தியா. படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம்! நம் வீட்டு அப்பாக்கள் சிலர் மௌன விரதம் இருக்கிற அழகே தனி. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊமை.

நடுவில் ஒரு நாள், பொங்கல் முடிந்த வாரம் என்று நினைக்கிறேன், நான் அந்த வீட்டுக்குப் போனேன். வசந்தியும் குணாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆட்டோ கேட் தானாகத் திறக்கிறது... மூடுகிறது... மறுபடி திறக்கிறது. பேய் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பார்த்தால், கேட் மோட்டார் பக்கத்தில் நிலா குத்தவைத்து உட்கார்ந்து ஒரு மைக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பெரியம்மா, ஷ்ஷ்... அசையாதீங்க."

நானா? நான் அசையாமல் இருப்பதா? என்னால் முடிந்தவரை நின்றேன். அதாவது, ஒரு மூச்சு நேரம்.

"போச்சு. உங்க வளையல் ரெக்கார்ட் ஆயிருச்சு பெரியம்மா."

உள்ளே கூட்டிப்போய் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். கேட் மோட்டார், வாஷிங் மெஷின், குக்கர் விசில், குணாவின் பழைய மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆக மறுக்கிற சத்தம். அதையெல்லாம் இழுத்து, நறுக்கி, மேலும் கீழுமாக்கி மியூசிக் ஆக்கியிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என் கால் தன்னால் தாளம் போட்டது. காலுக்கு வெட்கமே கிடையாது.

"நடுவுல நடுவுல ஸ்கிரீன் கருப்பாயிடும் பெரியம்மா. அப்போ இது மட்டும் கேக்கும்." ஒரு பட்டனைத் தட்டினாள்.

ம்ம்ம்ம்... என்று மெல்லிய ஓர் இரைச்சல். அவ்வளவுதான்.

"இது என்னம்மா?"

"நம்ம வீட்டு ஃபிரிட்ஜ். எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் இது மட்டும்தான் வீட்ல பேசும். நான் கண்ண மூடிட்டு கேட்டுட்டே இருப்பேன். படத்துல எல்லாத்தையும் விட இதுதான் பெரியம்மா எனக்கு வேணும். இதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு."

எனக்கு மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. இத்தனை மாதமாக அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருப்பது ஃபிரிட்ஜ்தானா? தேத்தண்ணி கூடக் குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டேன். வருத்தம் வந்தால் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

குணா கொடுத்த ஒரு வருடம் முடிகிற நேரம் பார்த்துத்தான் இந்த விழாவும் வந்தது. சுயாதீனப் படங்களுக்கான விழா. பெரிய தியேட்டர் எல்லாம் இல்லை. பழைய கடைவீட்டு மாடியில் ஒரு திரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு பெரிய ஸ்பீக்கர். விழாவில் ஓடுகிற படங்களில் ஒன்றிரண்டைப் பொறுக்கியெடுத்து ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவதற்காக கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெயர் ஹாபிஸ். கடைசி வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தவரை நிலா கண்ணாலேயே காட்டினாள்.

"அவர் எடுத்தா, ஒரு வருஷம் வீண் இல்லன்னு அப்பாகிட்ட சொல்லலாம் பெரியம்மா."

"எடுக்கலன்னா?"

"திங்கக்கிழமை."

திங்கட்கிழமை என்றால் குணாவின் ஃபேக்டரி ஆபீஸ். அங்கே அவளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு கம்ப்யூட்டரும் ஏற்கெனவே தயார். நிலா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடிப்பதற்கு நகம் மிச்சமில்லை, விரலைத்தான் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கீழே தெருவில் ஹார்ன் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். ஒரு பஸ். நம் ஆள்கள் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகும்போது எடுப்பார்களே, அந்த மாதிரி பஸ். அதிலிருந்து பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாகப் பாயா ரும்புட்டே இறங்குகிறது. அத்தைமார், மாமாமார், தாமான் குடியிருப்பு அக்கம்பக்கம், கோயில் கமிட்டி... முன்னால் நின்று எல்லாரையும் இறக்கிவிடுகிறவர் யார்? குணா!

ஓடிப்போய் மாடிப்படியில் மறித்தேன். "என்ன குணா இது?"

"என்னக்கா என்ன? நம்ம பிள்ள ஃபங்ஷன். மண்டபம் காலியா இருந்தா எவன் முகத்துல முழிக்கிறது?"

"இது மண்டபம் இல்ல குணா. சினிமா விழா."

"எதுவா இருந்தா என்னக்கா? நாற்காலி போட்டிருக்காங்கல்ல?"

நாம் எல்லாருமே அப்படித்தானே. வீட்டுக்குள் நாம் எதிர்க்கட்சி. வாசப்படி தாண்டினால் கொடி பிடிக்கிற கட்சி. பிள்ளை பரதநாட்டியம் ஆடினாலும் சரி, பட்டிமன்றம் பேசினாலும் சரி, அது வேண்டாம் என்று நாம் தலைகீழாக நின்றிருந்தாலும் சரி — நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. பிள்ளையின் ஆசை தோற்கலாம். பிள்ளையின் ஃபங்ஷன் தோற்கக் கூடாது.

மேலே வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. மரத்தரையைப் பார்த்ததும் கால் தானாகக் கழற்றிவிட்டது. அதைப் பார்த்து, பின்னால் வந்த சீன, மலாய்ப் பிள்ளைகளும் இதுதான் விழாவின் விதி போலும் என்று ஷூவைக் கழற்றினார்கள். ஐந்தே நிமிடத்தில் வாசலில் ஒரு செருப்பு மலை.

கோயில் கமிட்டிச் செயலாளர் சுந்தரம் மாமா ஒரு பிளாஸ்டிக் பையோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பைக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. பொன்னாடை. மாமாவின் கார் பூட்டில் ஸ்பேர் டயர் இல்லாமல் இருக்கும், பொன்னாடை இல்லாமல் இருக்காது.

நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா... இவங்க எல்லாம் எதுக்கு?"

"உனக்காகத்தாம்மா."

"ஐயோ" என்றாள். பாவம், அவள் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

படங்கள் ஆரம்பித்தன. முதல் படத்தில் ஒருவர் மங்குஸ்தான் பழத்தை உரித்தார். உரித்துக்கொண்டே இருந்தார். தும்... தும்... தும்... என்று ஸ்பீக்கர் அதிர்ந்தது. கடைசிவரை அந்த மனிதர் பழத்தைச் சாப்பிடவே இல்லை. அடுத்த படத்தில் வெறும் நீலமும் பச்சையும், காதைக் கிழிக்கிற விசிலும். என் வலது கால் ஆட ஆரம்பித்தது. அப்புறம் இடது கால். கைப்பையைத் திறந்தேன், மூடினேன். டாய்லெட்டுக்குப் போனேன், வந்தேன். பக்கத்தில் இருந்த அத்தை என் காதில், "ஸ்டோரி எப்போ ஆரம்பிக்கும் ஆயி?" என்றார்.

"இதான் ஸ்டோரி அத்தே."

"அட கடவுளே" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த ஒரு கறிபாப்பை எடுத்து எனக்கும் பாதி கொடுத்தார்.

மூன்றாவது, நிலாவின் படம். பெயர் 'பாயா ரும்புட், மதியம்'. பெயரைத் திரையில் பார்த்ததுமே பஸ்ஸில் வந்த மொத்தக் கூட்டமும் கை தட்டியது. குணா திரும்பிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

ஆட்டோ கேட் திறந்தது, மூடியது. ஹேங்கரில் துணி காற்றில் சுழன்றது. வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. கேட் மோட்டார் சத்தம் இழுத்து இழுத்து மியூசிக் ஆனது. வாஷிங் மெஷின் வந்து சேர்ந்துகொண்டது. வேகம் ஏறியது... ஏறியது... சட்டென்று நின்றது.

திரை கருப்பு. ம்ம்ம்ம் என்று ஃபிரிட்ஜ் ஆரம்பித்தது...

படபடபடவென்று கைத்தட்டல்!

முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். திரை கருப்பானால் படம் முடிந்தது, முடிந்தால் கை தட்ட வேண்டும். இதில் என்ன தப்பு? நம் கூட்டங்களில் கைத்தட்டல் ரசனைக்காக இல்லை, மரியாதைக்காக. பேசுகிறவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினாலும் தட்டுவோம். பிடித்தால் தட்டுவோம், புரியாவிட்டால் இன்னும் பலமாகத் தட்டுவோம். 'போதும், இறங்குங்கள்' என்பதைக்கூட நாம் கை தட்டித்தான் சொல்வோம்.

தட்டி ஓய்வதற்குள் கருப்பு போய்விட்டது. ஃபிரிட்ஜ் சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை. மறுபடி கேட், மறுபடி துணி. "அட, இன்னும் இருக்கா?" என்று யாரோ கேட்டது எனக்குக் கேட்டது. நிலாவைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது கருப்பு. இந்தத் தடவை நிச்சயம் முடிந்துவிட்டது என்று கூட்டம் முன்னைவிடப் பலமாகத் தட்டியது. அது போதாதென்று சுந்தரம் மாமா எழுந்தார். பொன்னாடையை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி திரைக்கு முன்னால் போய் நின்று, "இயக்குநர் எங்கப்பா?" என்று தேடினார்.

அந்த நேரம் பார்த்துப் படம் திரும்ப வந்தது. திரையில் சுழல வேண்டிய துணியெல்லாம் மாமாவின் பொன்னாடை மேலும் வெள்ளைச் சட்டை மேலும் சுழன்றது. பின் வரிசையில் சிரிப்பு. தொப்பிக்காரர் முன்னால் குனிந்து பார்த்தார். நிலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒரு வருடம்! ஒரு வருடமாக ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கேட்ட சத்தம், இவர்கள் பாசத்தில் அடிபட்டுச் சாகிறதே! எழுந்தேன். எழுவதற்குத்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே. குனிந்தபடியே போய் மாமாவின் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"மாமா, படம் முடியல."

"ஸ்கிரீன் ஆஃப் ஆயிருச்சே ஆயி?"

"அது அப்படித்தான். இனிமே லைட் போடற வரைக்கும் ஒருத்தரும் கை தட்டக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

கமிட்டி அனுபவம் சும்மாவா? உத்தரவு மாமாவிடமிருந்து அத்தைக்கு, அத்தையிடமிருந்து பின் வரிசைக்கு என்று கிசுகிசுப்பாகப் போனது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது அதில் இருமக் கூடாது, ஃபோன் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்றாவது கருப்பு.

யாரும் தட்டவில்லை. ம்ம்ம்ம்... என்று அந்த இரைச்சல் அறை முழுக்கப் பரவியது. பெரிய ஸ்பீக்கரில் அது வேறு மாதிரி இருந்தது. தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. செருப்பைக் கழற்றியிருந்தோம் இல்லையா?

என் இடது பக்கத்தில் வசந்தி குணாவிடம் குனிந்தாள். "ஏங்க, இது நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்ல?"

"ம்."

"கதவ சரியா மூடாம வந்துட்டோமா?"

"பேசாம கேளு வசந்தி" என்றார் குணா.

நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இருட்டில் முகம் தெரியவில்லை.

அப்புறம் படம் கொஞ்ச நேரம் ஓடியது. வெயில் தரையைவிட்டுப் போனது. கேட் திறந்தது, ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே வந்தது. ஓட்டியவர் முகத்தைக் காட்டவில்லை. கேட் மூடியது. மியூசிக் நின்றது. திரை கருப்பு.

இந்த முறை ஃபிரிட்ஜ் சத்தமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

படம் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது, நிலாவுக்குத் தெரிந்தது. மற்ற எல்லாரும் விளக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள். நான் போட்ட உத்தரவு அப்படி.

விளக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுவிட்ச் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அந்தக் கடைவீட்டின் சொந்தக்காரர், ஒரு சீன ஆண்ட்டி. முதல் படத்திலிருந்தே அவருக்கு ஒரே கணக்கு: கைத்தட்டல் கேட்டால் படம் முடிந்தது, விளக்கைப் போடு. நிலாவின் படத்தில் இரண்டு தடவை அந்தக் கணக்கில் ஏமாந்து, சுவிட்சில் கை வைத்து எடுத்திருக்கிறார். அதனால் இப்போது நல்ல பலமான கைத்தட்டல் வரட்டும் என்று அவரும் உறுதியாகக் காத்திருந்தார்.

அவர் கைத்தட்டலுக்குக் காத்திருந்தார். நாங்கள் விளக்குக்குக் காத்திருந்தோம்.

இருட்டு. ஏர்கோன் சத்தம். யாரோ எச்சில் விழுங்கும் சத்தம். கீழே தெருவில் மலாக்காவின் அந்தப் பேச்சா — பூவும் பொம்மையும் ஜோடித்த மூன்று சக்கர வண்டி — சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு டிங்கு டிங்கென்று பாட்டுப் போட்டபடி தூரத்திலிருந்து வந்தது... ஜன்னலுக்குக் கீழே வந்தது... கடந்து போனது... ஆற்றுப் பக்கம் போய்த் தேய்ந்தது. ஒரு கூட்டமே மூச்சுவிடாமல் அதைக் கேட்டது. படத்தில் வருகிறது என்று நினைத்தார்கள் போல. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் நிலைமையைச் சொல்ல வேண்டுமா? ஒரு தட்டு தட்டினால் போதும். எல்லாம் முடிந்துவிடும். கை துடித்தது. ஆனால், தட்டக் கூடாது என்று சொன்னவளே நான்! நானே தட்டினால் சுந்தரம் மாமா ஜென்மத்துக்கும் விடமாட்டார். அதனால்தான் கைகளைத் தொடைக்கு அடியில் தள்ளி அவற்றின் மேல் உட்கார்ந்தேன். மோதிரம் குத்தியது. கால் ஆடியது. பக்கத்து அத்தை என் முழங்கால் மேல் கையை வைத்து அமுக்கினார்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு அது ஒரு வருடம் போல இருந்தது. அப்படி நினைத்ததும்தான் சுரீர் என்றது. நிலாவுக்கு இப்படித்தானே இருந்திருக்கும்? யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று?

அப்போது இருட்டுக்குள்ளிருந்து குணாவின் குரல் வந்தது. மெதுவாக. ஃபேக்டரியில் ஆள்களை விரட்டுகிற குரல் இல்லை அது. சின்னப் பிள்ளையின் அறைக்கதவைத் தட்டிவிட்டு நிற்கிற குரல்.

"நிலா... முடிஞ்சிருச்சாம்மா?"

ஒரு வருடத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

சுவர்ப் பக்கமிருந்து பதில் வந்தது.

"முடிஞ்சிருச்சுப்பா."

குணா கை தட்டினார். தனியாக. அப்புறம் வசந்தி, அப்புறம் பஸ் முழுக்க. நான் என் கைகளை விடுவித்து, தட்டினேன் பாருங்கள் — உள்ளங்கை சிவந்துவிட்டது. விளக்கு வந்தது. நிலாவின் முகம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட விடாமல் சுந்தரம் மாமா பாய்ந்துபோய்ப் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். மனிதர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

நான் நேரே சுவிட்ச் ஆண்ட்டியிடம் போனேன். கேட்டதற்கு, "ஓராங் தா தெப்போக், சாயா மச்சாம் மானா மாவ் புக்கா லம்பு?" என்று என்னையே திட்டினார். ஆள்கள் கை தட்டவில்லை என்றால் நான் எப்படி விளக்குப் போடுவேன் என்கிறார். நியாயம்தானே? அந்த மாடியில் அன்றைக்கு எல்லாரும் அவரவர் ஒழுங்குப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்.

திரும்பி வந்தால் தொப்பிக்காரர் நிலாவின் எதிரில் நிற்கிறார். வசந்தி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். குணா கொஞ்சம் தள்ளி, சுவரில் இருந்த போஸ்டரைப் படிப்பதுபோல நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஹாபிஸ் மலாயில் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன்.

"அந்தக் கடைசி இருட்டு எப்படித் தோன்றியது? தெருச் சத்தம் மட்டும் கேட்கிறது, பிறகு ஓர் அப்பா கேட்கிறார், மகள் பதில் சொல்கிறாள்... முன்பே ஒத்திகை பார்த்தீர்களா?"

நான் நிலாவின் இடுப்பில் இடித்தேன். ஆமாம் என்று சொல்லித் தொலையேன்! ஒரு வார்த்தை. திங்கட்கிழமை காற்றில் பறந்துவிடும்.

நிலா பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இல்ல. அது என் படத்துல இல்ல. படம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. லைட் போடல, அவ்வளவுதான். அவர் நெஜமாவே எங்கப்பா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது இந்தப் பெண்? ஆனால், அப்படி நினைத்த அதே நொடியில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹாபிஸ் முதலில் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்படியென்றால் இன்னும் நல்லது. ஈப்போவில் போடும்போதும் கடைசியில் விளக்கைப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கூட்டத்திலிருந்து யாராவது கேட்கும்வரை" என்றார்.

ஈப்போவில் போடும்போதும்! வசந்திக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்ததும் நான் அந்த அறையைச் சுற்றி ஒரு ரவுண்டு நடந்துவிட்டு வந்தேன்.

வந்தால், நிலாவின் முகத்தில் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் சேர்ந்திருந்தது.

"ஈப்போல யாரு பெரியம்மா கேப்பாங்க? அங்க நமக்கு யாரும் இல்லையே. ஸ்கிரீன் கருப்பானதும் எழுந்து போயிடுவாங்க."

போஸ்டர் படித்துக்கொண்டிருந்த குணா திரும்பினார்.

"ஈப்போதானே? பஸ் சொல்லிடுவோம் லா."

வசந்தி அவரைப் பார்த்தாள். "அப்போ திங்கக்கிழமை?"

குணா வாசலுக்குப் போய் அந்தச் செருப்பு மலையில் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "ஈப்போ போய்ட்டு வரட்டும் முதல்ல. ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்."

தேடித் தேடி ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தார். அது அவருடையது இல்லை, நிலாவுடையது. எடுத்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி குனிந்து தன்னுடையதைத் தேடினார்.

அவர் அவளைப் பாராட்டவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. படம் பிடித்ததா என்று இன்றுவரை சொல்லவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் வசந்திக்கு ஃபோன் போட்டேன். குணா வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாராம். "என்னங்க, ரிப்பேரா?" என்று வசந்தி கேட்டதற்கு, "இல்ல, நல்லாத்தான் ஓடுது" என்றாராம்.

நானும் இந்த வாரம் பூராவும் யோசித்துக்கொண்டே நடந்தேன். நம் பிள்ளைகளுக்கு நாம் எவ்வளவு கை தட்டுகிறோம்! எத்தனை பொன்னாடை, எத்தனை பஸ்! அவர்கள் செய்வது புரியவில்லை என்றால் அதைக் கைத்தட்டலிலேயே மூடிவிடுகிறோம். கொஞ்சம் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு, பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பது ஏன் நமக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் என் கைமேல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஈப்போ பயணத்துக்கு சுந்தரம் மாமா ஏற்பாடுகளை ஆரம்பித்துவிட்டார். கறிபாப் அத்தையின் பொறுப்பு. இருட்டில் எப்போது கேட்பது என்பது குணாவின் பொறுப்பு. அதில் யாரும் தலையிடக் கூடாதாம்.

பஸ்ஸில் இன்னும் இடம் இருக்கிறது — கை தட்டத் தெரியாதவர்களுக்கே முன்னுரிமை.